இனிட் முதல் சிஸ்டம்டி வரை: மாறும் மென்பொருளும் மாற வேண்டிய தேர்வும்

கோலாலம்பூரின் தென்கிழக்கே விரிந்துள்ள செராஸ் வட்டாரத்தில் தாமான் கனாட் பகுதியில் யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகமும், அதற்குத் தெற்கே பண்டார் சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அமைந்திருக்க, மேற்கே புக்கிட் ஜாலிலில் 1990களில் ஜாரிங் இணையச் சேவையை உருவாக்கிய மிமோஸ் நிறுவனம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் படித்துவிட்டு சைபர்ஜெயாவின் தரவு மையங்களிலோ நகர மையத்தின் வங்கிகளிலோ சர்வர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்குப் பட்டச் சான்றிதழோடு லினக்ஸ் சான்றிதழும் கையில் இருந்தால் அது தனிப் பலம். முதலாளி அந்தச் சான்றிதழை ஓர் உறுதிமொழியாகவே படிக்கிறார்: இவரிடம் ஒரு கணினியை ஒப்படைத்தால் அதைத் துவக்குவார், துவங்காவிட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார். ஆனால் 2010க்கும் 2015க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் லினக்ஸ் கணினி துவங்கும் முறையே அடியோடு மாறிவிட்ட நிலையில், அந்த உறுதிமொழி பொய்த்துவிடாமல் காப்பதற்குத் தேர்வு நடத்தும் அமைப்புகள் பாடத்திட்டத்தில் எதை நீக்கின, எதை வைத்துக்கொண்டன, எதைப் புதிதாகச் சேர்த்தன என்பது மென்பொருளைப் போலவே நுட்பமான ஆய்வுக்குரியது.

மாற்றத்தின் அளவை உணர, கணினி எவ்வாறு துவங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் கிடைத்தவுடன் தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் அல்லது அதன் வழித்தோன்றலான யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை நிரல் விழித்தெழுந்து வன்பொருளைச் சோதித்து, வட்டிலிருக்கும் துவக்கியிடம், பெரும்பாலும் கிரப் என்ற நிரலிடம், பொறுப்பை ஒப்படைக்கிறது. கிரப் கெர்னலை, அதாவது வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையே நிற்கும் மைய நிரலை, நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் தன் பணிகளை முடித்துக்கொண்டு பயனர் தளத்தில் ஒரே ஒரு புராசஸை, அதாவது இயங்கும் நிரலொன்றைத் தொடங்குகிறது. அந்த முதல் புராசஸின் அடையாள எண் 1. அதன் பின் கணினியில் இயங்கும் சேவைகள் யாவும், இணையதளத்தை வழங்கும் சர்வரானாலும் தரவுத்தளமானாலும் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஆனாலும், அந்த முதல் புராசஸின் வழிவந்தவையே. பெற்ற புராசஸ் இறந்து அநாதையாகிவிட்ட புராசஸ்களைத் தத்தெடுத்து, அவை முடிந்தபின் அவற்றின் பதிவை அகற்றும் கடமையும் வழக்கமாக 1ஆம் எண்ணுக்கே உரியது. கட்டுரையின் இறுதியில் இந்தக் கடமைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த முதல் இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தது, ஏடி அண்ட் டி நிறுவனம் 1983இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் முறையைப் பின்பற்றி லினக்ஸுக்காக மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க் எழுதிய இனிட் நிரல். அதன் மையக் கருத்து இயக்கநிலை என்பதாகும்: 0 என்றால் கணினியை நிறுத்துதல், 1 என்றால் பழுதுபார்ப்பதற்கான ஒற்றைப் பயனர் நிலை, ரெட் ஹேட் நிறுவனத்தின் மரபில் 3 என்றால் எழுத்துத் திரையோடு பலர் பயன்படுத்தும் நிலை, 5 என்றால் வரைகலைத் திரை, 6 என்றால் மறுதுவக்கம். கணினி எந்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்பதை எட்சி அடைவிலுள்ள இனிட்டேப் என்ற கோப்பில் ஒரே ஒரு வரி தீர்மானித்தது. அந்த வரியில் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே நின்ற ஓர் இலக்கத்தை 5இலிருந்து 3ஆக மாற்றினால் போதும், அடுத்த முறை வரைகலைத் திரை இல்லாமல் கணினி துவங்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடைவு இருந்தது. அதில் எஸ் என்ற எழுத்தோடும் ஈரிலக்க எண்ணோடும் தொடங்கும் பெயர்களையுடைய இணைப்புகள் எண் வரிசையில் ஒவ்வொன்றாக இயக்கப்பட்டன, கே எழுத்துடையவை சேவைகளை நிறுத்தின. 10ஆம் எண் முடியும் வரை 12ஆம் எண் காத்திருக்கும். எளிமையான, கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இந்த அமைப்பு தேர்வுக்கு மிகவும் ஏற்றதாகவும் இருந்தது: எண்களை மனப்பாடம் செய்யலாம், கோப்பின் பெயரைக் கேட்கலாம், விடையில் ஐயத்துக்கு இடமில்லை.

அமைப்பின் குறைகளும் அந்த எளிமையிலிருந்தே பிறந்தன. வரிசையில் ஒரு சேவை தாமதித்தால் பின்னால் உள்ளவை அனைத்தும் தாமதித்தன. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே செருகப்படும் வட்டுகளையும் இடையில் வந்துபோகும் வலைப்பின்னல் இணைப்புகளையும் அந்த நிலையான வரிசை கணக்கில் கொள்ளவில்லை. ஒரு சேவை இரண்டு முறை கிளைத்துத் தாயிடமிருந்து விலகிவிட்டால், அது உயிரோடு இருக்கிறதா என்பதை இனிட்டால் உறுதியாக அறிய முடியவில்லை. கெர்னலையும் பிற நிரல்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான உபுண்டுவுக்காக ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் உருவாக்கிய அப்ஸ்டார்ட் 2006 அக்டோபரில் வந்த 6.10 பதிப்பில் இடம்பெற்று, எண் வரிசைக்குப் பதிலாக நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்டு சேவைகளைத் தொடங்கியது. 2010 நவம்பரில் வெளிவந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6உம் அதை ஏற்றது. அதே 2010இன் ஏப்ரல் இறுதியில் லெனார்ட் பொட்டரிங் 1ஆம் எண் புராசஸையே மறுசிந்தனைக்கு உட்படுத்தும் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டு, கே சீவர்ஸோடு சேர்ந்து உருவாக்கிய சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார். 2011 மே மாதம் ஃபெடோரா 15, 2014 ஜூனில் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015 ஏப்ரலில் டெபியன் 8, அதே மாதம் உபுண்டு 15.04 என ஒன்றன்பின் ஒன்றாக முதன்மையான வழங்கல்கள் அதற்கு மாறின. டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, 2014 பிப்ரவரியில் தலைவரின் தீர்மான வாக்கால்தான் முடிவு எட்டப்பட்டது. முடிவை ஏற்காதவர்கள் பிரிந்து சென்று டெவுவான் என்ற தனி வழங்கலை உருவாக்கினார்கள்.

சிஸ்டம்டியின் புதுமை வேகம் மட்டுமே என்று கருதுவது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகும். சேவை தொடங்குவதற்கு முன்பே அதன் தொடர்புவாயிலைச் சிஸ்டம்டி தானே திறந்து வைத்துவிடுவதால், கடை திறக்குமுன்பே கதவில் பொருத்திவிட்ட கடிதப் பெட்டியில் கடிதங்கள் சேர்வதைப் போல, பிற சேவைகளிலிருந்து வரும் வேண்டுகோள்கள் கெர்னலிடம் காத்திருக்கின்றன. ஒன்றையொன்று சார்ந்த சேவைகளைக்கூட ஒரே நேரத்தில் தொடங்க முடிகிறது. 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த சிகுரூப் என்ற வசதியைக் கொண்டு ஒவ்வொரு சேவையின் புராசஸ்களையும் தனிக் குழுவாகக் கட்டிவிடுவதால், எத்தனை முறை கிளைத்தாலும் எந்தப் புராசஸும் கண்காணிப்பிலிருந்து தப்புவதில்லை. பழைய முறையில் சேவைகளைத் தொடங்கிய நீண்ட ஷெல் நிரல்களின் இடத்தில் யூனிட் எனப்படும் சிறு கோப்புகள் வந்தன. அவை செயல்வரிசையைக் கட்டளையிடுவதில்லை, சேவையின் இயல்பை மட்டும் அறிவிக்கின்றன: எந்த நிரலை இயக்க வேண்டும், செயலிழந்தால் மீண்டும் தொடங்க வேண்டுமா, எந்த இலக்குக்கு இது தேவை. இயக்கநிலை எண்களின் இடத்தை டார்கெட் என்ற பெயருடைய இலக்குகள் எடுத்துக்கொண்டன. பழைய 3க்குப் பலர்பயன் இலக்கு, 5க்கு வரைகலை இலக்கு.

இந்த யூனிட் கோப்பில் தேர்வாளர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 'ரிக்கொயர்ஸ்' என்ற வரி ஒரு சேவைக்கு மற்றொன்று தேவை என்கிறது. 'ஆஃப்டர்' என்ற வரி மற்றொன்றுக்குப் பிறகே தொடங்க வேண்டும் என்கிறது. தேவையும் வரிசையும் தனித்தனியான செய்திகள். ஒரு நிரலுக்குத் தரவுத்தளம் தேவை என்று மட்டும் எழுதிவிட்டு வரிசையைச் சொல்லாமல் விட்டால், சிஸ்டம்டி இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கிவிடும். தரவுத்தளம் தயாராகும் முன்பே நிரல் அதை அணுகித் தோல்வியடையலாம். எண் வரிசையில் பழகிய மனத்துக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது, ஏனெனில் பழைய முறையில் வரிசை ஒன்றே இருந்தது, தேவை அதற்குள் மறைந்திருந்தது. புதிய தேர்வில் கேட்கத்தக்க மிகச் சிறந்த வினாக்கள் இத்தகைய இடங்களிலேயே இருக்கின்றன.

தேர்வுகளின் பக்கம் திரும்பினால், எந்த நிறுவனத்தின் வழங்கலையும் சாராத சான்றிதழை வழங்கும் நோக்கத்துடன் 1999இல் கனடாவில் தொடங்கப்பட்ட லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட், அதாவது எல்பிஐ, இந்த மாற்றத்தை எதிர்கொண்ட விதம் படிப்பினை மிக்கது. அதன் முதல் நிலையான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 வினாக்கள். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஓர் எடை தரப்பட்டிருக்கிறது. எடை 3 என்றால் அப்பகுதியிலிருந்து ஏறத்தாழ மூன்று வினாக்களை எதிர்பார்க்கலாம். கணினியைத் துவக்குவது பற்றிய 101.2க்கு எடை 3, இயக்கநிலைகளையும் இலக்குகளையும் மாற்றுவது பற்றிய 101.3க்கும் எடை 3. ஆக 60இல் 6 வினாக்கள், பத்தில் ஒரு பங்கு, 1ஆம் எண் புராசஸைச் சுற்றியே நிற்கின்றன. மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் வழங்கப்பட்டு 500 தேர்ச்சிக் கோடாக வைக்கப்பட்டிருக்கிறது. வினாக்களின் கடினம் பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டாலும் தேர்ச்சியின் பொருள் வேறுபடாமல் இருக்க உளவளவியலாளர்கள் கையாளும் வழி இது. உளவளவியல் என்பது அறிவையும் திறனையும் எண்ணால் அளப்பதைப் பற்றிய துறை.

பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்தைத் தொழில்பணி ஆய்வு என்ற முறையே தீர்மானிக்கிறது: வேலையில் இருக்கும் நிர்வாகிகள் அன்றாடம் எவற்றைச் செய்கிறார்கள், எவ்வளவு அடிக்கடி செய்கிறார்கள், தவறினால் எவ்வளவு கேடு என்பதை முறைப்படி கேட்டறிந்து, அதிலிருந்து நோக்கங்களையும் எடைகளையும் வகுப்பது. மென்பொருள் வெளியான நாளைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதப்படுவதில்லை, அது வேலையிடத்துக்கு வந்து சேர்ந்த நாளைப் பார்த்தே எழுதப்படுகிறது என்பதே இம்முறையின் வலிமை. எல்பிஐ நோக்கங்களில் வரும் வினைச்சொற்களும் இதையே காட்டுகின்றன. 2015இல் வந்த 4.0 பதிப்பிலும் 2018 அக்டோபரில் வந்த 5.0 பதிப்பிலும், சிஸ்டம் ஃபைவ் இனிட்டையும் சிஸ்டம்டியையும் 'புரிந்துகொண்டிருக்க' வேண்டும், அப்ஸ்டார்ட்டை 'அறிந்திருக்க' வேண்டும் என்று இரு வேறு ஆழங்கள் குறிக்கப்பட்டன. இரண்டாம் நிலையான எல்பிஐசி-2இல், முன்பு சிஸ்டம் ஃபைவ் இனிட்டின் பெயரைத் தாங்கியிருந்த 202.1 நோக்கம், 2017இல் வந்த 4.5 பதிப்பில் அப்பெயரைக் களைந்து, கணினித் துவக்கத்தை வடிவமைத்தல் என்று பொதுவாயிற்று. தலைப்பில் ஒரு மென்பொருளின் பெயர் நீங்கி ஒரு பணியின் பெயர் எஞ்சியது பாடத்திட்டம் முதிர்ந்ததன் அடையாளம்.

மாற்றம் துவக்கம் பற்றிய அந்த ஆறு வினாக்களோடு நின்றுவிடவுமில்லை. சிஸ்டம்டி பதிவேடுகளையும் நேர அட்டவணைகளையும் வட்டு இணைப்புகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்ததால், 5.0 பதிப்பில் குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் பகுதியில் பழைய கிரானுக்குப் பக்கத்தில் சிஸ்டம்டி டைமர்களும், பதிவேட்டுப் பகுதியில் ஆர்சிஸ்லாக்கோடு ஜர்னல்டியும், கோப்பு முறைமைகளை இணைக்கும் பகுதியில் சிஸ்டம்டியின் மவுண்ட் யூனிட்டுகளும் இடம்பெற்றன. ஒரு மென்பொருள் மாறினால் ஓர் அத்தியாயத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று எண்ணும் பாடநூலாசிரியர் ஏமாந்துபோகும் இடம் இதுதான்.

2018இலும் பழைய இனிட்டையும் கைவிடப்பட்ட அப்ஸ்டார்ட்டையும் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி மாணவர்களிடையே எழுவது இயல்பு. விடை சர்வர்களின் ஆயுளில் இருக்கிறது. ரெட் ஹேட் 7 வெளிவந்தது 2014 ஜூனில்; ஆனால் ரெட் ஹேட் 6க்கான வழக்கமான ஆதரவு 2020 நவம்பர் 30 வரை நீடித்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் ஒரே தரவு மையத்தில், சில வேளை ஒரே அடுக்கில், ஒன்றாக ஓடின. அப்ஸ்டார்ட்டோடு வந்த உபுண்டு 14.04இன் வழக்கமான ஆதரவும் 2019 ஏப்ரலில்தான் முடிந்தது. புதிய முறையை மட்டும் கற்றவர் இரவுப் பணியில் பழைய கணினியின் முன் திகைத்து நிற்பார். பழையதை மட்டும் கற்றவரின் நிலை அதைவிட மோசம். மாறுகாலத்தில் இரண்டையும் சுமப்பதே நேர்மையான தேர்வு.

வினாவங்கியைத் திருத்துவோர் அஞ்ச வேண்டியது முழுமையாகச் செத்துப்போன வினாக்களை அல்ல, அரைகுறை உயிரோடு இருப்பவற்றை. சிஸ்டம்டி பழைய பழக்கங்களுக்கு இடம்கொடுத்தே வந்தது: இயக்கநிலையைக் காட்டும் பழைய கட்டளை தொடர்ந்து ஓர் எண்ணைக் காட்டி வந்தது, 'சர்வீஸ்' என்ற பழைய கட்டளையைத் தட்டினால் அது 'சிஸ்டம்சிடிஎல்' என்ற புதிய கட்டளைக்குத் திருப்பிவிடப்படுகிறது. எனவே பழைய வினாவும் விடையும் சரியென்றே தோன்றும். இனிட்டேப் கோப்பு இதைவிடப் பெரிய பொறி. ரெட் ஹேட் 5இல் அது முழு அதிகாரத்தோடு இருந்தது; 6இல் இயல்பு இயக்கநிலையைச் சொல்லும் அந்த ஒற்றை வரிக்காக மட்டும் எஞ்சியிருந்தது; 7இலும் கோப்பு இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது குறிப்புரை மட்டுமே, அதுவும் இந்தக் கோப்பு இனிப் பயன்படாது, இங்கே எழுதுவதால் எந்த விளைவும் இல்லை என்று எச்சரிக்கும் குறிப்புரை. இயல்பு நிலை எங்கே அமைக்கப்படுகிறது என்ற பழைய வினாவுக்கு மூன்று தலைமுறைகளில் இரண்டு விடைகள். வழங்கலின் பெயரையும் பதிப்பையும் சொல்லாமல் அந்த வினாவைக் கேட்பது தேர்வருக்கு இழைக்கும் அநீதி. தேர்ந்தெடுக்கும் வகை வினாவில் தவறான விடையாக வைக்கப்பட்டிருந்த ஒன்று மென்பொருள் மாறியதும் சரியான விடையாகிவிடுவதும் உண்டு. அப்போது நன்கு கற்றவரே மதிப்பெண்ணை இழக்கிறார். இதைக் கண்டுபிடிக்க வினாக்களை மீண்டும் படித்தால் போதாது. தேர்ச்சி பெற்றவர்கள் எந்த வினாவில் கூட்டமாகத் தவறுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தையும் பார்க்க வேண்டும்.

கணினியின் முன் அமர்ந்து வேலையைச் செய்துகாட்ட வேண்டிய ரெட் ஹேட் தேர்வுகளில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் அங்கே கணினியே நடுவர். ரெட் ஹேட் 6க்கான நிர்வாகித் தேர்வின் நோக்கங்கள் இயக்கநிலைகளையும் ஒற்றைப் பயனர் நிலையையும் பெயர் சொல்லிக் கேட்டன. 7இல் இலக்குகள் வந்தன, ஒற்றைப் பயனர் நிலைக்குப் பதிலாகத் துவக்கத்தை இடைமறித்துக் கணினிக்குள் நுழைதல் என்ற சொற்கள் வந்தன. ரூட் எனப்படும் முதன்மை நிர்வாகிக் கணக்கின் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பதே இரண்டிலும் நோக்கம். முன்பு கெர்னல் வரியின் இறுதியில் 1 என்று சேர்த்தால் போதும். 7இல் துவக்கத்தைத் தொடக்க நினைவகக் கட்டத்திலேயே நிறுத்தி, உண்மையான கோப்பு முறைமையை எழுதும் வகையில் மீண்டும் இணைத்து, அதற்குள் புகுந்து கடவுச்சொல்லை மாற்றி, எஸ்இலினக்ஸ் பாதுகாப்புக் குறிகளை மீண்டும் இடச் சொல்லும் வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கிவிட்டு வெளியேற வேண்டும். கடைசிப் படியை மறந்தவர் புதிய கடவுச்சொல்லாலும் உள்ளே நுழைய முடியாமல் நிற்பார். எந்தப் படி ஏன் தேவை என்று அறிந்தவர் மறப்பதில்லை.

மலேசியாவுக்கு இதில் தனி அக்கறை இருக்கிறது. 2004இல் மாம்பு என்ற அரசு நவீனமயமாக்கல் பிரிவு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டதிலிருந்து அரசு அலுவலகங்களிலும் லினக்ஸ் சர்வர்களின் இடம் உறுதியாயிற்று. தொழில்திறன் பக்கத்தில், 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், நாஸ் எனப்படும் தேசியத் தொழில் திறன் தரநிலைகளை அடிப்படையாகக் கொண்டது; அந்தத் தரநிலைகளும் டாகும் என்ற முறையில், துறை வல்லுநர்கள் ஒன்றுகூடித் தங்கள் வேலையைக் கடமைகளாகவும் பணிகளாகவும் பிரித்து எழுதுவதன் மூலம் உருவாகின்றன. எல்பிஐயின் தொழில்பணி ஆய்வுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கின் பயிற்றுநர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. குறை இருப்பது தரநிலைக்கும் வகுப்பறைக்கும் இடையில். ஊழியர் சம்பளத்தில் 1 விழுக்காட்டை முதலாளிகள் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்கு வரியாகச் செலுத்தி, அந்த நிதியைப் பயிற்சிக்குத் திரும்பப் பெறும் ஏற்பாட்டில் லினக்ஸ் வகுப்புகளையும் நடத்த முடியும். அத்தகைய வகுப்பின் விளம்பரத்தில் சான்றிதழின் பெயர் மட்டும் இருந்து, நோக்கங்களின் பதிப்பு எண்ணும் பயிற்சிக் கணினியில் ஓடும் வழங்கலின் பதிப்பும் இல்லாவிட்டால், பணம் செலுத்துவோருக்குத் தாம் வாங்குவது எது என்று தெரியாது. அந்த இரு எண்களையும் கட்டாயமாக்குவது செலவில்லாத சீர்திருத்தம். அதைக் கேட்கும் உரிமை மாணவருக்கும் உண்டு.

அடுத்த மாற்றம் இப்போதே வேலையிடத்துக்கு வந்துவிட்டது. நிரலையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டித் தனியறையில் ஓடவிடும் கண்டெய்னர்களில் பெரும்பாலும் இனிட்டும் இல்லை, சிஸ்டம்டியும் இல்லை. பயன்பாட்டு நிரலே அங்கே 1ஆம் எண் புராசஸ். அந்த எண்ணோடு வரும் கடமைகளை அறியாத நிரல் அநாதைப் புராசஸ்களைத் தத்தெடுத்தாலும் முடிந்தபின் அகற்றாமல் குவியவிடுகிறது. 1ஆம் எண்ணுக்குக் கெர்னல் தரும் தனிச் சலுகையால், நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையை ஏற்க அந்த நிரலே ஏற்பாடு செய்திராவிட்டால், சமிக்ஞை வீணாகிறது. கண்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருளின் நிறுத்தக் கட்டளை 10 விநாடி காத்திருந்து, பிறகு அதை வலிந்து கொல்கிறது. எழுதி முடிக்காத தரவு அதோடு போகிறது. டாக்கர் 1.13 பதிப்பிலிருந்து, இந்தக் கடமைகளை மட்டும் செய்யும் டைனி என்ற மிகச் சிறிய இனிட்டைச் சேர்த்துக்கொள்ளும் வசதி தரப்பட்டது. எல்பிஐசி-1இன் 5.0 பதிப்பு கண்டெய்னர்களின் பொதுக் கருத்தை மெய்நிகர் விருந்தினர் பற்றிய 102.6 என்ற புதிய நோக்கத்தில் 1 என்ற எடையோடு சேர்த்தது. இயக்கநிலை எண்களுக்கும் இனிட்டேப்புக்கும் இன்றுவரை ஒதுக்கப்பட்டுள்ள இடத்திலிருந்து ஒன்றிரண்டு வினாக்களை எடுத்து, 1ஆம் எண் புராசஸ் தத்தெடுத்தல், அகற்றல், சமிக்ஞையை ஏற்றல் ஆகிய மூன்று கடமைகளையும் எங்கே ஓடினாலும் எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்பதற்கு ஒதுக்குவது அடுத்த பதிப்பின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.